பைக் ட்ரிப் லக்கேஜ்: 34,000 ரூபாய் கொடுத்து நான் கத்துக்கிட்ட கோடியக்கரை பாடம்



சின்னச் சின்ன ஈ.எம்.ஐ எப்படி சம்பளத்தை அரிக்குதுன்னு போன வீடியோவுல பேசினப்ப, பேச்சுவாக்குல "பைக் பெட்டிக்கு 34,000 ரூபாய் போட்டு வீணாக்கினேன்"னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த கேள்வியில பாதி ஈ.எம்.ஐ பத்தி இல்ல, பெட்டி பத்திதான். "என்ன பெட்டி ப்ரோ?", "பை வாங்கலாமா, பெட்டி வாங்கலாமா?", "கழட்டி மாட்டுற மாதிரி நல்லதா ஒண்ணு சொல்லுங்க." அதனால இந்தப் பதிவுல முழுக் கணக்கையும் எழுதிடுறேன். நான் பண்ண ரெண்டு தப்பையும் சேர்த்து.

முதல் தப்பு: கம்மியா வாங்கினது

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். வேலை சென்னையில. டிசம்பர்ல ஊருக்கு வந்தப்ப, அத்தை பையனும் நானும் ஒரு 350 சிசி பைக்ல கோடியக்கரை கிளம்பினோம். தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், அங்கிருந்து கோடியக்கரை. ஒரு பக்கம் சுமார் 110 கிலோமீட்டர். ஒரு ராத்திரி வேதாரண்யத்துல தங்கி, காலையில பூநாரை பார்த்துட்டுத் திரும்புறது பிளான்.

அந்த வாரம் எனக்கு ஆபீஸ்ல ஆன்-கால். அதனால லேப்டாப்பும் கூட வந்துச்சு. ஆன்லைன்ல 1,400 ரூபாய்க்கு வாங்கின ஒரு டெயில் பேக், அதாவது பின்சீட்டுக்குப் பின்னாடி கட்டுற பை. கூடவே ஒரு மழை உறையும் இருந்துச்சு. 700 ரூபாய்க்குத் தண்ணி புகாத சின்ன பை ஒண்ணும் பார்த்தேன். "உறைதான் இருக்கே, எதுக்கு"ன்னு விட்டுட்டேன்.

திருத்துறைப்பூண்டி தாண்டினதும் மழை பிடிச்சுது. காத்துல உறை உப்பி, எப்பக் கழண்டுதுன்னே தெரியல. வேதாரண்யத்துல ரூமுக்குப் போய் பையைத் திறந்தா உள்ள குளம். லேப்டாப் ஆன் ஆகல. மதர்போர்டு போச்சு. ஆபீஸ் விதிப்படி பழுதுபார்க்குற செலவு என் தலையில விழுந்துச்சு: 16,500 ரூபாய், ரெண்டு மாச சம்பளத்துல பிடிச்சாங்க. 700 ரூபாய் மிச்சம் பிடிச்சதுக்குக் கிடைச்ச பலன் அது.

ரெண்டாவது தப்பு: கோபத்துல அதிகமா வாங்கினது

ஒரு தடவை சூடுபட்டவன் அடுத்து என்ன செய்வான்? நேரா மறு எல்லைக்குப் போவான். ஜனவரியிலயே ஒரு ஜோடி ஹார்டு பேனியர் வாங்கிட்டேன். ரெண்டு பக்கமும் மாட்டுற அலுமினியப் பெட்டி. பெட்டி ரெண்டும் 24,500. அதை மாட்ட என் பைக் மாடலுக்குன்னே செஞ்ச ஸ்டே, ஃபிட்டிங் கூலியோட 9,500. மொத்தம் 34,000. 12 மாச நோ-காஸ்ட் ஈ.எம்.ஐ.

நோ-காஸ்ட்னு பேர்தான். வட்டியை முன்னாடியே தள்ளுபடியாக் கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா பேங்க் பில்லுல அந்த வட்டி இருக்கும், அதுமேல 18% ஜி.எஸ்.டி நம்மதான் கட்டணும். ப்ராசஸிங் ஃபீ தனி. பெரிய தொகை இல்ல, ஆனா ஜீரோவும் இல்ல.

பெட்டி மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மழையில ஒரு சொட்டு உள்ள போகல. பூட்டிட்டு நிம்மதியா நடந்து போகலாம். பிரச்சனை என்கிட்ட. 14 மாசம் கழிச்சு, சென்னை டிராஃபிக் தாங்காம அந்த 350-ஐ வித்துட்டு லேசான பைக்குக்கு மாறினேன். அப்பதான் கணக்குப் போட்டேன். பெட்டி போட்டு ட்ரிப் போன நாள் மொத்தம் 11.

பெட்டியை செகண்ட் ஹேண்ட்ல 13,000-க்கு வித்தேன். ஸ்டே? புது பைக்ல பொருந்தல. பழைய பைக்கை வாங்கினவர் அதுக்கு ஒரு ரூபா கூட்டித் தரல. "கழட்டிட்டுக் குடுங்க ப்ரோ, டவுன்ல இடிக்கும்"னார்.

34,000 கழித்தல் 13,000 = 21,000. அதை 11 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 1,909 ரூபாய். தஞ்சாவூர்ல இருந்து கோடியக்கரை போய் வர 220 கிலோமீட்டர். லிட்டருக்கு 35 மைலேஜ், பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சாக்கூட சுமார் 630 ரூபாய்தான் ஆகும். பெட்ரோலைவிட மூணு மடங்கு, துணி வைக்கிற பெட்டிக்குக் கொடுத்திருக்கேன்!

பை வேற, ஸ்டே வேற

இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்குங்க. கழட்டி மாட்டுற லக்கேஜ்ல நீங்க ரெண்டு பொருளுக்குக் காசு கொடுக்குறீங்க. கையோட வர்ற பை ஒண்ணு. பைக்கோடவே நிக்கிற இரும்பு இன்னொண்ணு.

பை அடுத்த பைக்குக்கும் வரும், பஸ்ஸுக்கும் வரும், ட்ரெயினுக்கும் வரும். ஸ்டே அப்படி இல்ல. அது ஒரு மாடலோட கல்யாணம் ஆன மாதிரி. பைக் போனா அதுவும் போச்சு. நம்ம வயசுல மூணு நாலு வருஷத்துல பைக் மாத்துறோம், ஊர் மாத்துறோம், வேலை மாத்துறோம். அப்படி இருக்குறப்ப காசு பையில போகணும், ஸ்டேல போகக் கூடாது.

அதனால விலை கேக்குறப்ப பிரிச்சுக் கேளுங்க: "இதுல பைக்கோட நிக்கிற பாகம் எவ்வளவு?" என் பெட்டி செட்ல அது 9,500. மொத்த விலையில 28%. வாங்குற அன்னைக்கே அதை ஜீரோன்னு எழுதி வெச்சிருக்கணும்.

மன்னார்குடியில என் மாமா டி.வி.எஸ் எக்ஸ்.எல்-ல உர மூட்டை ஏத்துவார். பழைய டியூப்பை நீளமா வெட்டின கயிறுதான் அவரோட லக்கேஜ் சிஸ்டம். என் பெட்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "ஏன் மாப்ள, கட்டுறது இருக்கட்டும். எறக்குறப்ப எவ்ளோ நேரம் ஆவும்?" அப்ப சிரிச்சேன். இப்ப கடையில நான் கேக்குற முதல் கேள்வியே அதுதான்.

கோடியக்கரை டெஸ்ட்

வீட்டு வாசல்ல நிறுத்தி ஃபோட்டோ எடுக்குறப்ப எல்லா லக்கேஜும் நல்லாத்தான் இருக்கும். கோடியக்கரை ரோட்டுல ஒரு தடவை போனா அதோட குணம் தெரிஞ்சிடும். அந்த ஊர் நாலு பரீட்சை வைக்குது.

ஒண்ணு, மழை. கோடியக்கரை சரணாலயம் 1967-ல அறிவிச்சது, 2002-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்துச்சு. வெளிநாட்டுப் பறவை வர்ற சீசனும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணுமேல ஒண்ணு விழுது. பறவை பாக்கணும்னா நனையத் தயாராத்தான் போகணும். தனியா மாட்டுற மழை உறையை நம்பாதீங்க. வேகத்துல காத்து உள்ள புகுந்து தூக்கிடும். பையே தண்ணி புகாததா இருக்கணும். வாயை மூணு சுத்து உருட்டி மடிச்சு பக்கிள் போடுற மாடலைப் பாருங்க. ஓரங்கள் நூல் போட்டுத் தைக்காம சூட்டுல ஒட்டினதா இருக்கணும். தையல் ஓட்டை வழியாத்தான் தண்ணி வரும். "வாட்டர் ரெசிஸ்டன்ட்"னு போட்டிருந்தா தூறல் தாங்கும்னு அர்த்தம், திருத்துறைப்பூண்டி மழை தாங்கும்னு இல்ல.

ரெண்டு, உப்பு. 1930-ல ராஜாஜி திருச்சியில இருந்து நடந்து வந்து உப்பு அள்ளின அகத்தியம்பள்ளி, வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவுலதான் இருக்கு. அந்தப் பக்கம் இன்னைக்கும் உப்பளம்தான். அந்தக் காத்துல ரெண்டு நாள் நின்னா இரும்புக்கு என்ன ஆகும்னு என் ஸ்டேயைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். பெயின்ட் உரசின இடத்துல எல்லாம் துரு. உலோக ஜிப் இறுகிடும். பிளாஸ்டிக் ஜிப், பிளாஸ்டிக் பக்கிள் மேல். எதுவா இருந்தாலும் வீட்டுக்கு வந்த அன்னைக்கே நல்ல தண்ணியில கழுவிக் காய வைங்க. போல்ட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ்.

மூணு, ரோடு. மெயின் ரோட்டை விட்டு உள்ள போனா டெல்டா ரோடு அகலம் கம்மி. தை, மாசியில சம்பா அறுவடை நேரத்துல ரோட்டுல பாதி அகலத்துக்கு நெல் காயும், மீதிப் பாதியில எதிர்ல அறுவடை மிஷின் வரும். ஹேண்டில்பாரைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கிற பெட்டியோட அங்க மாட்டினா வேர்த்துடும். ஹேண்டில் நுழைஞ்சா பின்னாடியும் நுழையும்னுதான் நம்ம கை பழகியிருக்கு. அதனால டேப் எடுத்து அளந்து பாருங்க. லக்கேஜோட மொத்த அகலம் ஹேண்டில்பாருக்குள்ள அடங்கணும்.

நாலு, இறங்கி நடக்குறது. கோடியக்கரைக்குப் போறதே வண்டியை விட்டு இறங்கத்தான். வெளிமான், பூநாரை, கலங்கரை விளக்கம், கோடிக்குழகர் கோயில், எல்லாத்துக்கும் நடக்கணும். அங்க குரங்கும் உண்டு. திறந்த பையைப் பார்த்தா பிஸ்கட் இருக்கா இல்லையான்னு அதுவே செக் பண்ணிக்கும். இங்க பூட்டுற பெட்டிக்கு முழு மார்க். பை வெச்சிருந்தா ரூம்ல இறக்கிட்டுப் போகணும், இல்ல தோள்ல மாட்டிக்கிட்டுப் போகணும்.

அதனால கடையிலேயே டைம் வெச்சுப் பாருங்க. கையை நனைச்சுக்கிட்டு, க்ளவுஸ் போட்டுக்கிட்டு, ரெண்டு நிமிஷத்துக்குள்ள கழட்ட முடியுதா? கழட்டினதைத் தோள்ல மாட்ட வார் இருக்கா? மாடிப்படி ஏத்த முடியுதா? பெட்டி வாங்கினா கூடவே உள்பை வாங்குங்க. பெட்டி பைக்லயே நிக்கும், உள்பை மட்டும் ரூமுக்கு வரும்.

எடைக் கணக்கை யாரும் சொல்ல மாட்டாங்க

உங்க பைக் மேனுவல்ல ரெண்டு எண் இருக்கும். பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊத்தின வண்டியோட எடை ஒண்ணு. ஆள், சுமையோட சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு தாங்கும்ங்கிறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க பட்ஜெட்.

உதாரணத்துக்கு அந்த வித்தியாசம் 170 கிலோன்னு வெச்சுக்குவோம். ஓட்டுறவர் ஹெல்மெட், ஜாக்கெட்டோட 78 கிலோ, பின்னாடி உக்காருறவர் 69. ஆச்சு 147. மிச்சம் 23 கிலோ. அலுமினியப் பெட்டி ரெண்டும் ஸ்டேயும் காலியாவே 15 கிலோ இருந்தா, துணிமணிக்கு 8 கிலோதான். துணிப் பை செட் 4 கிலோ இருந்தா 19 கிலோ வைக்கலாம். "பெரிய பெட்டி, நிறைய வைக்கலாம்"ங்கிறது ரெண்டு பேர் போறப்ப பல நேரம் பொய்யாப் போகுது.

கனமான சாமான் கீழயும் சீட்டுக்குப் பக்கத்துலயும் இருக்கணும். ரெண்டு பக்கமும் எடை சமம். டெயில்ல துணி மாதிரி லேசானது. சைலன்சர் பக்கத்துப் பை கீழ தொங்காம பாருங்க, உருகிடும். கொக்கி வெச்ச பஞ்சி கயிறு ஆபத்து. தெறிச்சா கண்ணுல அடிக்கும், கழண்டா செயின்ல சிக்கும். பக்கிள் வெச்ச ஸ்ட்ராப் போட்டு, நுனியை மடிச்சுச் சொருகிடுங்க. பின் டயர் காத்து, மேனுவல்ல ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கிற அளவு.

சட்டத்துலயும் ஒரு விஷயம் இருக்கு. 2020-ல மத்திய மோட்டார் வாகன விதியில திருத்தம் வந்துச்சு. பைக்ல லேசான பெட்டி பொருத்தினா அது 550 மி.மீ நீளம், 510 மி.மீ அகலம், 500 மி.மீ உயரத்துக்குள்ள இருக்கணும். பெட்டி பின்சீட் இடத்துல இருந்தா ஓட்டுறவர் மட்டும்தான் போகலாம். அதுக்குப் பின்னாடி இருந்தா ரெண்டு பேர் போகலாம். பின்சக்கரத்துல குறைஞ்சது பாதியை மூடுற காப்பும் வேணும்னு அதே விதி சொல்லுது. ஸ்டே மாட்ட சாரி கார்டைக் கழட்டணும்னு யாராவது சொன்னா ஒரு நிமிஷம் யோசிங்க. நம்பர் பிளேட்டும் பின் லைட்டும் மறையவே கூடாது.

இன்சூரன்ஸ் வரும்னு நினைச்சா...

நானும் அப்படித்தான் நினைச்சேன். கம்பெனியில இருந்து வராத பாகத்தைப் பாலிசியில தனியாச் சொல்லிச் சேர்த்திருந்தாதான் அது கணக்குல வரும். சேர்த்திருந்தாலும், வழக்கமான டூ-வீலர் பாலிசியில வண்டியோட சேர்ந்து திருடு போனாதான் பாகத்துக்கு க்ளெய்ம். பெட்டியை மட்டும் கழட்டிட்டுப் போனா கிடைக்காது. உள்ள இருக்கிற லேப்டாப், கேமராவுக்கும் வண்டி பாலிசி பொறுப்பு இல்ல. உங்க பாலிசியில "விலக்குகள்" பக்கத்தை ஒரு தடவை படிங்க. விலை உயர்ந்தது உங்க தோள்ல இருக்கட்டும், வண்டியில வேண்டாம்.

இப்ப என்கிட்ட இருக்கிறது

* 40 லிட்டர் உருட்டி மூடுற தண்ணி புகாத டெயில் பை: 2,800
* சீட்டுக்குக் குறுக்கப் போடுற சேடில் பேக் ஒரு ஜோடி, உள்ள தண்ணி புகாத பையோட: 5,200
* பக்கிள் ஸ்ட்ராப்: 600
* எலக்ட்ரானிக்ஸுக்கு 10 லிட்டர் சின்ன பை: 700 (ஆமா, அன்னைக்கு விட்ட அதே 700)
* பை சக்கரத்துல உரசாம இருக்க ஊர்ல வெல்டிங் பட்டறையில செஞ்ச கம்பி: 1,200

மொத்தம் 10,500. இதுல பைக்கோட நிக்கிறது 1,200 மட்டும். மீதி 9,300 என்கூட எந்த பைக்குக்கும் வரும். இதுவரை 23 நாள் ஓட்டியாச்சு. ஒரு நாளைக்கு 457 ரூபாய். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இது இறங்கிக்கிட்டே போகும். 50 நாள் ஆனா 210.

அப்ப பெட்டி யாருக்கு?

பெட்டியே வேண்டாம்னு சொல்லல. வருஷத்துக்கு 30 நாள் ட்ரிப் போறவர், அதே பைக்கை 5 வருஷம் வெச்சிருக்கப் போறவர், அடிக்கடி வண்டியை நிறுத்திட்டு நடக்குறவர்னா கணக்கு மாறும். 34,000-ல கடைசியில 8,000 திரும்பி வந்தாக்கூட, 26,000-ஐ 150 நாளால வகுத்தா 173 ரூபாய். பூட்டுக்கும் நிம்மதிக்கும் அது நியாயமான விலை. ஆனா "போகப் போறேன்"ங்கிற நாளை எண்ணாதீங்க. போன வருஷம் உண்மையிலேயே போன நாளை எண்ணுங்க. ஃபோன் கேலரியைத் திறந்தா தெரிஞ்சிடும்.

அஞ்சு நாளுக்குக் குறைவா? எதையும் வாங்காதீங்க. நண்பர்கிட்ட கடன் வாங்குங்க, பெரிய ஊர்ல வாடகைக்கும் கிடைக்கும். 700 ரூபாய் சின்ன பை மட்டும் சொந்தமா வாங்கிக்கோங்க.

காசு எங்கிருந்து?

முதல்ல வரிசை: ஹெல்மெட், பின் டயர், செயின், பிரேக், இன்சூரன்ஸ். இது எல்லாம் சரியா இருந்தா மட்டும் லக்கேஜ். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடக் கூடாது, எஸ்.ஐ.பி-யை நிறுத்தக் கூடாது.

ஜூன்ல ஒரு ஆர்.டி ஆரம்பிங்க. மாசம் 1,750. ஆறு மாசத்துல 10,500. டிசம்பர்ல பறவை வர்றப்ப உங்க கையில காசு இருக்கும், ஈ.எம்.ஐ இருக்காது. ஆறு மாசம் கழிச்சும் அந்தப் பை வேணும்னு தோணிச்சுன்னா அது உண்மையிலேயே தேவை. தோணலைன்னா இன்னும் நல்லது, 10,500 சேர்ந்திருக்கு.

என் 34,000-ஐ 12 மாசமா மாசம் 2,833 கட்டினேன். அந்த வருஷம் பின் டயர் தேஞ்சு போயும் "அடுத்த மாசம் மாத்திக்கலாம்"னு மூணு மாசம் தள்ளிப் போட்டேன். காரணம் அந்த 2,833. பெட்டி பளபளன்னு இருந்துச்சு, டயர் வழுவழுன்னு இருந்துச்சு. மழையில ஒண்ணும் ஆகாம வீடு வந்து சேர்ந்தது என் அதிர்ஷ்டம்தான், என் திறமை இல்ல. நீங்க அந்த அதிர்ஷ்டத்தை நம்பி ஓட்டாதீங்க.

போன வருஷம் நீங்க எத்தனை நாள் ட்ரிப் போனீங்க, லக்கேஜுக்கு எவ்வளவு செலவு பண்ணீங்க? வகுத்துப் பார்த்து ஒரு நாள் கணக்கைக் கமெண்ட்ல போடுங்க. 1,909-ஐ யாராவது தாண்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்!

அடுத்த பதிவுல பார்க்கலாம். ஹெல்மெட் போட்டு ஓட்டுங்க.